ஆவாரை: விதையிலிருந்து வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆவாரை நாற்று விட்டு, கேட்பவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். வாங்கிப் போகிறவர்களும், தாங்களே விதை போட்டுப் பார்த்துச் சலித்தவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நேரில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கரட்டிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடியை விதை போட்டு ஏன் வளர்க்க வேண்டும்? ஒன்றைப் பிடுங்கி வந்து நட்டால் ஆகாதா?

ஆகாது. நூற்றில் ஒன்று பிழைக்கலாம், மற்றவை வீணாகச் சாகும். ஆவாரை தரைக்கு மேலே ஒரு சாண் வளர்வதற்குள் தரைக்குக் கீழே அதைப் போல இரண்டு மடங்குக்கு ஆணிவேரை இறக்கிவிடுகிறது. மழையில்லாத எட்டு மாதத்தையும் அது தாங்குவது அந்த வேரை நம்பித்தான். மண்வெட்டியால் தோண்டி எடுக்கும்போது முதலில் அறுபடுவது அதுவே. நட்ட இரண்டாம் நாளே இலை சுருளும், ஒரு வாரத்தில் குச்சியாகிவிடும்.

கிளைத் துண்டும் எளிதில் வேர் பிடிப்பதில்லை. நான் மூன்று மழைக்காலம் முயன்று கைவிட்டேன். ஆகவே வீட்டுக்கு ஒரு ஆவாரை வேண்டும் என்றால், வழியில் நிற்கும் செடியை வழியிலேயே விட்டுவிட்டு, அதன் நெற்றில் நான்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதே இதுதான்.

நான் பார்த்தது ஆவாரைதான் என்று எப்படி உறுதி செய்வது? மஞ்சள் பூப் பூக்கும் செடிகள் நிறைய இருக்கின்றனவே.

பூவைப் பார்க்காதீர்கள், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருபுறமும் அகன்று வளைந்த சிறிய இலை போன்ற ஒன்று, காதுமடல் போல ஒட்டியிருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். மற்ற பல இனங்களில் இது மெல்லிய நூல் போலத் தோன்றிச் சீக்கிரம் உதிர்ந்துவிடும், ஆவாரையில் பெரிதாக நிலைத்து நிற்கும். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது 'ஆரிகுலேட்டா' என்று வைத்தது இந்தக் காதை வைத்துத்தான். அவர் காசியா இனத்தில் சேர்த்ததை இப்போது சென்னா இனத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆனால் காது பெயரோடு நின்றுவிட்டது.

இன்னோர் அடையாளமும் உண்டு. ஓர் ஈர்க்கில் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே குண்டூசித் தலை போல ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். இதே போல மஞ்சளாகப் பூக்கும் பேயாவிரையில் சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று, சிற்றிலைகளும் நான்கைந்து சோடிதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் நாறும். தகரையில் மூன்றே சோடி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகும் நிலாவாரை முற்றிலும் வேறு செடி. அதன் இலை பேதிக்குக் கொடுப்பது. பெயர் ஒலிப்பதை நம்பி நாட்டு மருந்துக் கடையில் விதை வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நாற்றுப் பண்ணையில் கேட்டால் 'மஞ்சள் கொன்றை' இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அது ஆவாரைக்கு மாற்றாகுமா?

அந்தப் பெயரில் இரண்டு மூன்று மரங்களைக் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று சென்னா ஸ்பெக்டாபிலிஸ். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரம், முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை மூடிப் படர்ந்து, யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்துவிட்டது. இன்று வனத்துறை பெரும் செலவில் அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. அழகான பூ என்பதற்காக அதை வாசலுக்கு அழைத்து வர வேண்டாம். நம் வறண்ட நிலத்துக்கென்றே பிறந்த புதர் ஒன்று, காசில்லாமல், அதைவிடப் பொன்னிறமாகப் பூக்கும்போது வேறெதற்குப் போக வேண்டும்?

நெற்றை எப்போது பறிப்பது?

காய் பச்சையாக இருக்கும்போது தட்டையாக, மெல்லியதாக, விரல் நீளத்துக்குத் தொங்கும். முற்றியபின் செம்பழுப்பாகிக் காகிதம் போலச் சரசரக்கும். ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். அதுதான் பதம். அவசரப்பட்டுப் பாதிப் பச்சையில் பறித்தால் விதை சுருங்கிப் போகும். நெற்று காய்ந்த பிறகும் நெடுநாள் செடியிலேயே தொங்குவதால் அவசரமும் இல்லை.

ஒரே செடியில் உருவி எடுக்காமல், ஐந்தாறு செடிகளில் இரண்டு இரண்டு நெற்றாக எடுப்பது நல்லது. ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று அதிகம் பூக்கும், ஒன்று குட்டையாகப் படரும். கலந்து எடுத்தால் உங்கள் நாற்றிலும் அந்த வகைகள் வரும். செடிக்கும் மண்ணுக்கும் மிச்சம் இருக்கும்.

எடுத்த விதைகளில் பாதிக்கு மேல் ஓட்டை. ஏன்?

விதை வண்டு. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தாய் வண்டு முட்டையிட்டுவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகி, குண்டூசித் தலையளவு வட்டத் துளை வழியே வெளியேறும். துளையுள்ளவற்றைக் கழித்துவிட்டு மீதியைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் உள்ளீடு இல்லாதவை. மூழ்கியவற்றைத் துடைத்து நிழலில் உலர்த்தி, நன்றாக மூடும் பாட்டிலில் வையுங்கள். பறித்த அன்றே பிரித்துத் தெரிவு செய்வது முக்கியம். நெற்றோடு பையில் கட்டி வைத்தால் ஒரு மாதத்தில் பையெல்லாம் வண்டாகிவிடும்.

விதை போட்டு நாற்பது நாளாயிற்று, ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்டபடியே கல் மாதிரி கிடக்கிறது. விதை செத்துவிட்டதா?

இல்லை. கல் மாதிரி கிடப்பதே அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம். செத்த விதை ஈரத்தில் ஊறிக் கொழகொழத்து அழுகியிருக்கும்.

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஆவாரை விதையின் தோலுக்குள் நெடுக்குவாக்கில் நெருங்கி நிற்கும் செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது, இடைவெளியின்றி ஊன்றிய மூங்கில் வேலியைப் போல. அதில் தண்ணீர் புகாது. உள்ளே இருக்கும் முளைக்கரு எந்தக் குறையும் இல்லாமல் தயாராகத்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் அதை எட்டவில்லை. நீங்கள் நாற்பது நாள் ஊற்றியது அத்தனையும் விதைக்கு வெளியேதான் நின்றிருக்கிறது.

செடி இப்படிச் செய்வதில் ஒரு காரணம் இருக்கிறது. சித்திரையில் ஒருநாள் கோடைமழை கொட்டும். அன்று விழுந்த விதையெல்லாம் முளைத்துவிட்டால், வைகாசி வெயிலில் அத்தனையும் கருகிவிடும். அதனால் ஆவாரை ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் பணயம் வைப்பதில்லை. பகலின் சூட்டிலும் இரவின் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து, மணலில் உரசி, ஓடை வெள்ளத்தில் உருண்டு, சிலவற்றின் தோல் இந்த ஆண்டு விரிசல் விடும், சிலவற்றின் தோல் அடுத்த ஆண்டு, இன்னும் சில அதற்கும் பிறகு. வறண்ட காட்டில் இந்தச் செடி அழியாமல் நிற்பதற்கு இந்தப் பொறுமை ஒரு பெரிய காரணம். நாற்றுத் தொட்டியில் நாம் செய்ய வேண்டியது, காடு பல ஆண்டுகளில் செய்வதை ஓர் இரவில் செய்து கொடுப்பது.

அதை எப்படிச் செய்வது? வெந்நீரா, நகவெட்டியா?

இரண்டும் சரி. பத்து இருபது விதை என்றால் நகவெட்டியைப் பரிந்துரைப்பேன், கிண்ணம் நிறைய இருந்தால் வெந்நீர்.

நகவெட்டி முறை இப்படி: விதையைக் கவனமாகப் பார்த்தால் ஒரு முனையில், காயோடு ஒட்டியிருந்த இடத்தில், சிறு தழும்பு தெரியும். முளைவேர் இருப்பது அந்தப் பக்கம், ஆகையால் அதைத் தொடக்கூடாது. எதிர்முனையில் தோலை மட்டும் மயிரிழை அளவுக்குக் கிள்ள வேண்டும். உள்ளே வெளிறிய நிறம் புள்ளியாகத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். நகவெட்டி வழுக்கினால் உப்புத்தாளில் நான்கு தேய் தேய்த்தாலும் அதே பலன். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். இந்த முறையில் தேறாத விதை மிகக் குறைவு.

வெந்நீர் முறைக்கு, விதையின் அளவைப் போல ஐந்து மடங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, குமிழி அடங்கிய பின் விதையின் மேல் ஊற்றுங்கள். அடுப்பின் மேலேயே விதையைப் போட்டு வேக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பருப்பு வேக வைப்பதற்குத்தான் ஆகும், முளைக்க வைக்காது. ஊற்றிய தண்ணீர் தானாக ஆறட்டும், இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். மறுநாள் உப்பியவற்றை எடுத்து விதைத்துவிட்டு, உப்பாமல் பழைய அளவிலேயே கிடப்பவற்றுக்கு மறுபடியும் ஒருமுறை வெந்நீர் ஊற்றலாம், அல்லது நகவெட்டியை எடுக்கலாம்.

உப்பிய விதையை அன்றே மண்ணில் போட்டுவிட வேண்டும். திரும்ப உலர விட்டால் உண்மையாகவே செத்துவிடும்.

கந்தக அமிலத்தில் போட்டால் எல்லாம் முளைக்கும் என்று படித்தேன். செய்யலாமா?

ஆய்வுக்கூடங்களிலும் பெரிய நாற்றங்கால்களிலும் செய்கிறார்கள், பலனும் தருகிறது. வீட்டில் வேண்டவே வேண்டாம். அடர் கந்தக அமிலம் ஒரு சொட்டுத் தெறித்தாலே கண் போய்விடும். நகவெட்டி இருக்கும் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை.

எந்த மாதத்தில் விதைப்பது?

தமிழ்நாட்டில் ஆடி நடுவில். அப்போது விதைத்த நாற்று, புரட்டாசிக் கடைசியில் நடவுக்குத் தயாராகிவிடும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும்போது வேர் மண்ணில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. மழை பெய்யும் இரண்டு மூன்று மாதத்தில் ஆணிவேர் இறங்கிவிட்டால், அடுத்த கோடையை அது தானே பார்த்துக்கொள்ளும். மார்கழியில் விதைத்தாலும் முளைக்கும், ஆனால் குளிரில் மந்தமாக வளரும். பிறகு பங்குனி வெயிலில் இளம் செடியை நீங்கள் குடத்தோடு காவல் காக்க வேண்டியிருக்கும்.

மண் கலவை என்ன? நாற்றுத் தட்டில் போடலாமா?

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. மணல் கிடைக்காவிட்டால் சல்லி சலித்த பொடிக் கல்லும் ஆகும். தேங்காய்நார்க் கழிவை நிறையச் சேர்க்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்தச் செடிக்கு அது பகை.

குழித் தட்டு வேண்டாம். ஆணிவேர் பத்து நாளில் அடியைத் தொட்டுச் சுருள ஆரம்பித்துவிடும். சுருண்ட வேர் பிறகு எத்தனை நல்ல மண்ணில் நட்டாலும் நிமிராது, செடி ஆண்டுக்கணக்கில் குன்றியே நிற்கும். அகலம் குறைந்து ஆழம் மிகுந்த பை வேண்டும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழமுள்ள நாற்றுப்பை நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுப் பயன்படுத்துங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில்தான் கற்றுக்கொடுத்தேன். பாட்டிலின் பக்கவாட்டில் வேர் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம், அதைப் பார்த்த பிள்ளைகள் செடியை மறப்பதில்லை. வேர் வெளிச்சத்தை விரும்பாது, ஆகவே பார்க்காத நேரத்தில் பாட்டிலைச் சுற்றி ஒரு சாக்குத் துண்டைக் கட்டிவிடுங்கள்.

எவ்வளவு ஆழத்தில் போடுவது? எத்தனை நாளில் முளைக்கும்?

விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு, அதாவது அரை அங்குலத்துக்குள். ஒரு பைக்கு இரண்டு விதை. பூவாளியால் நீர் தெளியுங்கள், குழாயைத் திருப்பினால் விதை இடம் மாறிவிடும். என் தோட்டத்தில் நேர்த்தி செய்த விதை ஐந்தாம் நாளிலிருந்து தலை காட்டும், பன்னிரண்டு நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். முதலில் தடித்த இரண்டு வித்திலைகள் விரியும். அவற்றை விட்டு அடுத்து வரும் இலையிலேயே ஆவாரையின் சாயல் தெரிந்துவிடும். இரண்டும் முளைத்தால் நலிந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

நன்றாக முளைத்த நாற்றுகள் ஒரே இரவில் அடித்தண்டு மெலிந்து சாய்ந்துவிட்டன. என்ன நோய்?

நாற்றழுகல். காரணம் அநேகமாக நீங்கள் காட்டிய அன்புதான், தினமும் இருவேளை தண்ணீர். மேல் மண் காய்ந்து வெளுத்த பிறகே அடுத்த நீர். நிழலில் வைத்திருந்தால் உடனே வெயிலுக்கு மாற்றுங்கள். சாய்ந்தவை பிழைக்காது, மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அடுத்த முறை கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைச் சிறிது கலந்தால் நல்ல காப்பு. ஆனாலும் நீரைக் குறைக்காமல் எதைக் கலந்தும் பயனில்லை.

எப்போது நிலத்தில் நடலாம்?

ஒரு சாண் உயரம், ஆறேழு இலை. இரண்டரை மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். பையின் அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தால் அன்றே நேரம் வந்துவிட்டது. ஒன்றரை அடிக் குழி போதும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். தனிப் புதராக நிற்க வேண்டுமென்றால் ஆறடி இடம் விடுங்கள். வேலிக்கு என்றால் இரண்டரை அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசை மாற்றி மாற்றி. நாள் முழுவதும் வெயில் விழும் இடம் வேண்டும். வேம்பின் நிழலில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர்.

நாற்று விடாமல் நேரடியாக நிலத்திலேயே விதைத்தால்?

தாராளமாக. உண்மையில் அதுதான் செடிக்குப் பிடித்த வழி, வேர் ஒருமுறையும் தடைபடாது. புரட்டாசியில் முதல் நல்ல மழை விழுந்ததும், நேர்த்தி செய்த விதையை ஒரு குழிக்கு நான்காகப் போட்டு மூடுங்கள். எறும்பும் அணிலும் சிலவற்றைக் கொண்டுபோகும், மீதி முளைக்கும். கற்கரடாக இருக்கும் நிலத்துக்கும் ஏரிக்கரைக்கும் இந்த வழியே ஏற்றது. வீட்டு முன் ஒன்று இரண்டு செடி போதும் என்பவர்களுக்குப் பைதான் நம்பகம்.

அவரை குடும்பம்தானே? மண்ணுக்குத் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொடுக்குமா?

இது பரவலான நம்பிக்கை, சரியன்று. துவரை, உளுந்தின் வேரில் முடிச்சுகள் இருக்கும், அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆவாரை சேர்ந்த சென்னா இனத்துக்கு அந்த வேர்முடிச்சு கிடையாது. செடியைப் பிடுங்கிப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அதன் தழை நல்ல பசுந்தாள் உரம். களர் நிலத்தில் நெல் நடுமுன் ஆவாரந்தழை மிதித்த பழக்கம் நம் உழவர்களுக்கு உண்டு. காற்றிலிருந்து எடுக்காவிட்டாலும், ஆழத்தில் கிடக்கும் சத்தை வேரால் இழுத்து இலையில் சேர்த்து மேலே கொண்டுவருகிறது.

செடிக்கு உரம் வேண்டுமா என்றால், நடும்போது ஒரு கை தொழுவுரம், அவ்வளவே. அதிகம் ஊட்டினால் தழை தழைக்கும், பூ குறையும்.

எத்தனை ஆண்டில் பூக்கும்?

எங்களிடம் ஐப்பசியில் நட்டவை பெரும்பாலும் அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு பூத்துவிடுகின்றன. சில செடிகள் இன்னும் ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஒருமுறை பூக்கத் தொடங்கிவிட்டால், ஆண்டின் பெரும்பகுதியில் ஏதாவது ஒரு கிளை பொன்னாகத்தான் இருக்கும்.

கவாத்து செய்ய வேண்டுமா?

செய்தால் அழகு. பூ வருவது புதுக் கிளைகளின் நுனியில், ஆகவே புதுக் கிளை எத்தனை விடுகிறதோ அத்தனை பூ. பெருமளவு பூத்து ஓய்ந்ததும், மழைக்கு ஒரு மாதம் முன்பாக, மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். விதைக்கென்று இரண்டு கிளையை நெற்றோடு விட்டுவையுங்கள். முதல் ஆண்டில் நடுக்குருத்தை ஒருமுறை கிள்ளினால் அடியிலிருந்தே புதராக வரும்.

வெட்டியதும் துளிர்க்கும் இந்தக் குணத்தை நம்பித்தான் ஒரு பெருந்தொழிலே நடந்தது. ஆவாரம் பட்டையில் எடைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள். பழைய சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறியது இந்தப் பட்டைதான், இங்கிருந்து கப்பலேறிய தோலின் நிறமும் மென்மையும் அதனால் வந்தவை. பிறகு வாட்டில் மரப் பட்டையும் குரோம் உப்பும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பட்டைக்காகச் செடியைப் பேணிய காலம் போய், இன்று தேவையில்லாத புதர் என்று பொக்லைன் வைத்து வழித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வெதும்புகிறது.

இலையைப் பச்சைப் புழு தின்கிறது. என்ன மருந்து அடிப்பது?

எதுவும் அடிக்காதீர்கள். அது வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகத் தோட்டத்தில் விரைந்து பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் புழு. அவை முட்டையிடுவதே ஆவாரை, கொன்றை வகைச் செடிகளைத் தேடித்தான். வளர்ந்த புதர் சில இலைகளை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும். மூன்று வாரம் பொறுத்தால் அந்தப் புழுக்களே சிறகோடு திரும்பும். நாற்றாக இருக்கும்போது மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாற்றில் இருப்பதே நான்கு இலை, அதற்குத் தாங்காது.

மாடித் தோட்டத்தில் நன்றாகப் பூக்கிறது, ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஏன்?

பூவில் குறை இல்லை, விருந்தாளி வரவில்லை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, தருவது மகரந்தம் மட்டுமே. அதையும் திறந்து வைப்பதில்லை. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு, உப்புச் சீசாவின் மூடியைப் போல. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர்த்து உதறத் தெரிந்த தேனீக்கே மகரந்தம் கொட்டும். கருநீலச் சிறகோடு உரத்து ரீங்கரித்து வரும் தச்சுத் தேனீ அதில் வல்லது. வாலில் நீலப் பட்டைகளுள்ள சிறு தேனீயும் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

தச்சுத் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருப்பது. மாடியின் ஓரத்தில் ஒரு பட்ட மரக்கட்டையையோ இரண்டு மூங்கில் துண்டுகளையோ மழை படாமல் கட்டி வையுங்கள். வண்டு என்று பயந்து அடித்து விரட்டாதீர்கள். காலை வெயில் ஏறும்போது பூவருகே நின்றால் அந்த உதறும் ஒலியைக் கேட்கலாம். பறக்கும்போது கேட்பது ஒரு சுருதி, பூவைப் பிடித்ததும் கேட்பது அதைவிட உயர்ந்த சுருதி.

தொட்டியில் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் நான்கைந்து ஆண்டு நலமாக இருக்கும். அடி ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டியின் கீழே தட்டு வைத்து நீரைத் தேக்காதீர்கள். உயரம் நான்கடியைத் தாண்டாமல் வெட்டி வாருங்கள்.

உதகையில் வளருமா? வெளிநாட்டில்?

உறைபனி ஆவாரைக்கு ஆகாது, அதனால் உதகை வேண்டாம். இலங்கையின் வறண்ட பகுதிகளில் இது சொந்தச் செடி. சிங்களத்தில் ரணவரா என்பார்கள், பூவை உலர்த்திக் கொதிநீரில் போட்டுக் குடிப்பது அங்கே அன்றாடப் பழக்கம். தெலங்கானாவில் தங்கேடு என்ற பெயரில் இதுவே மாநில மலர், பதுகம்மா பண்டிகையில் அடுக்கும் பூக்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா போன்ற மழை மிகுந்த நாடுகளில் நீர் வடியும் மேட்டுப் பாத்தி இல்லாமல் நட வேண்டாம். விதையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்ல அந்தந்த நாட்டுப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். சட்டைப் பையில் போட்டுப் போவது தவறு.

பூத்ததும் சர்க்கரை நோய்க்குக் குடிக்கலாம் என்றுதான் வளர்க்கிறேன். எவ்வளவு குடிக்க வேண்டும்?

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியில் நானும் வளர்ந்தவன். ஆனாலும் மாத்திரை எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை நம்ப வேண்டாம். சொல்ல எனக்கு உரிமையுள்ளது ஒன்று மட்டும்: குடிக்கும் பூவை நெடுஞ்சாலை ஓரத்தில் பறிக்காதீர்கள். புகையும் தூசியும் அதில்தான் படிந்திருக்கின்றன.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட எங்கள் செடியில் பூ இருக்குமா?

மழை சரியாகப் பெய்த ஆண்டில் நிச்சயம் இருக்கும். எங்கள் கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து வீட்டுக்கூரையிலும் தொழுவத்திலும் செருகுவோம். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்தோம். இப்போது சந்தையில் விற்பதற்காக வண்டி நிறையக் கிளைகளை அறுத்து வருகிறார்கள், தை பிறக்கும்போது கரடு மொட்டையாக நிற்கிறது. நெற்றாக வேண்டிய பூவெல்லாம் கூரையில் காய்ந்தால் அடுத்த தலைமுறைச் செடி எங்கிருந்து வரும்? வாசலில் ஒரு புதர் இருந்தால் ஒரு தெருவுக்கே காப்புக் கட்டப் பூ கொடுக்கலாம். எங்கள் வீதியில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது.

மிஞ்சிய விதையை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

கெட்டித் தோல் இங்கே உங்களுக்கு உதவி செய்யும். உலர்ந்த விதையைச் சிறிது வேப்பிலைப் பொடியோடு கண்ணாடிப் பாட்டிலில் மூடி, இருட்டான இடத்தில் வைத்தால் சில ஆண்டுகள் கெடாது. மூன்று ஆண்டு வைத்திருந்ததை நான் விதைத்து நல்ல நாற்று எடுத்திருக்கிறேன். பறித்த மாதத்தையும் இடத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். மேலே ஒட்டிய சீட்டை எலியோ ஈரமோ கொண்டுபோய்விடும்.